தண்ணீரின் காணியும் எங்கள் காணியும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

2024 நவம்பர் கடைசியில் உயர்தரப் பரீட்சை மழையால் இடையில் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது, பரீட்சை மறுபடியும் நின்றது. அடுத்தடுத்து இரண்டு வருடம். தீவு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன புயலுக்கு முன்னால் ஒரு பரீட்சை தள்ளிப்போனது பெரிய இழப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் படிப்பிக்கிறவர்களுக்கு இதில் ஒன்று உறைக்கிறது. ஒவ்வொரு மாரிக்கும் பள்ளிக்கூடம் பரீட்சை மண்டபமா, இடம்பெயர்ந்தவர்களின் தங்குமிடமா என்ற கேள்வி வருகிறது. வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பமும் எங்கள் பிள்ளையின் குடும்பம்தான், பரீட்சை எழுத முடியாமல் நிற்பதும் எங்கள் பிள்ளைதான்.

மழை ஓய்ந்த பிறகு ஊரில் ஒரே பேச்சு நடக்கும். "இப்ப மழை முந்தி மாதிரி இல்லை, என்ன செய்யிறது?" முதல் பாதி உண்மை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைப் பிடித்து வைக்கும். பிடித்து வைத்ததை ஒரேயடியாகக் கொட்டும். இதைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தலாம். இரண்டாம் பாதிக்குத்தான், அதாவது என்ன செய்யிறது என்பதற்குத்தான், நாங்கள் விடை தேடுவதில்லை. அந்த விடையின் பெரும் பகுதி எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது என்று நினைக்கிறோம்.

வவுனியா நகரையும் சுற்றுப்புறத்தையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், வேப்பங்குளம், தாண்டிக்குளம், கூமாங்குளம், நெளுக்குளம், மகாறம்பைக்குளம், சாளம்பைக்குளம். இது ஒரு நகரத்தின் வீதிப் பட்டியல் மாதிரியா இருக்கிறது? குளங்களின் பட்டியல் மாதிரித்தான் இருக்கிறது. பட்டாணிச்சூர் என்று நாங்கள் சொல்லும் இடத்துக்குப் பதிவேட்டில் பட்டாணிச்சிப்புளியங்குளம் என்று பெயர். வாயில் வழங்கும் பெயரிலிருந்து குளம் ஏற்கனவே உதிர்ந்துவிட்டது. வன்னியில் முறிப்பு என்று முடியும் ஊர்களும் உண்டு. குளக்கட்டு முறிந்த இடம் என்று அர்த்தம். எங்கே தண்ணீர் உடைத்துக்கொண்டு போகும் என்பதைப் பெயராகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர்.

வன்னிக் குளங்கள் தனித்தனியாக வெட்டப்பட்டவை அல்ல. மேட்டில் ஒரு சிறு குளம். அது நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே கீழே உள்ள குளத்துக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. இடையில் வயல் இருக்கும். குளத்துக்கு மேற்பக்கம் காடு இருக்கும். மழை எவ்வளவு வேகமாக வந்தாலும் காடு அதைத் தணிக்கும், மேற்குளம் தடுக்கும், வயல் கொஞ்சம் குடிக்கும். கடைசியில் ஆற்றுக்குப் போய்ச் சேருவது களைத்துப்போன தண்ணீர். இலங்கையின் உலர்வலயத்துக் குளத்தொடர் முறையை ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக விவசாய மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. உலகம் அங்கீகரித்த அதே காலத்தில் நாங்கள் அதன்மேல் கிறவல் கொட்டிக்கொண்டிருந்தோம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். கணக்குப் போடாமல் பேசினால் யாருக்கும் உறைக்காது.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துப் பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். "100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை" என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும் நாளில் அந்தக் காணியில் மட்டும் 25,000 லீற்றர் விழுகிறது. வெயில் காலத்தில் நாங்கள் காத்திருந்து பிடிக்கும் 5,000 லீற்றர்ப் பவுசரில் ஐந்து பவுசர். காணியை இரண்டு அடி உயர்த்தி, சுற்றி மதில் எழுப்பி, முற்றத்துக்குச் சீமெந்தும் போட்டால் அந்த ஐந்து பவுசரும் பக்கத்து வளவுக்குள் போகும். பக்கத்து வளவுக்காரரும் அடுத்த வருடம் உயர்த்துவார். இப்படியே போய், உயர்த்த வசதியில்லாத வீட்டின் அடுப்படியில்தான் அது நிற்கும்.

இனிக் குளத்தின் கணக்கு. ஒரு ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 12 இலட்சம் லீற்றருக்கு மேல். அதாவது 100 மில்லிமீற்றர் மழை நாளில் ஏறத்தாழ ஐம்பது பத்துப் பேர்ச் காணிகளில் விழும் முழுத் தண்ணீர். இப்போது குளத்தின் அலைகரையில் ஒரு ஏக்கரை நிரப்பி விற்கிறோம் என்று வையுங்கள். கிடைப்பது 16 காணி. போவது, ஒவ்வோர் அடி ஆழத்துக்கும், ஐம்பது காணிகளின் மழைக்கான இடம். 16 பேருக்கு உறுதி எழுதிக் கொடுத்து 50 வீட்டுக்குத் தண்ணீரை அனுப்புகிறோம். இதில் யாருக்கு இலாபம் என்று பிள்ளைகளிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் ஒரு நகரத்தை அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் போதும். 2009இல் யுத்தம் முடிந்தபோது இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். தொகையைப் பார்த்தால் அது ஒரு நகரம். காட்டை வெட்டி வெளியாக்கி, கூடாரங்களை வரிசையாக அடித்து உருவாக்கிய நகரம். அந்த வருடம் ஓகஸ்ட் நடுவில், மாரி தொடங்குவதற்கு முன்பே, ஒரு மழை பெய்தது. கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மலக்குழிகள் நிரம்பி வழிந்து அந்தத் தண்ணீரோடு கலந்தன. மரம் இல்லை, தண்ணீர் உறிஞ்ச மண் விடப்படவில்லை, போக வடிகால் இல்லை. அந்தக் கூடாரங்களில் இருந்த பிள்ளைகள் சிலர் பிறகு எங்கள் வகுப்புகளுக்கு வந்தார்கள். மழை இருட்டினால் புத்தகப் பையை மேசைமேல் தூக்கி வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அது அமைக்கப்பட்ட விதம் மூடப்படவில்லை. காட்டை வழி, நிலத்தை மட்டப்படுத்து, வரிசையாகக் கட்டு, தண்ணீரைப் பிறகு பார்ப்போம் என்ற அந்த முறையிலேயே இன்றும் புதிய குடியிருப்புகள் அமைகின்றன.

இரண்டாவது உதாரணம் கிளிநொச்சி. இரணைமடுக் குளம் புனரமைக்கப்பட்டு, அதன் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்டு, 2018 டிசெம்பர் முதல் வாரத்தில் விழாவாகத் திறந்து வைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து, டிசெம்பர் 21 இரவு, கொட்டித் தீர்த்த மழையில் வான்கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். கதவுகள் நேரத்துக்குத் திறக்கப்பட்டனவா என்று பெரிய கேள்வி எழுந்தது, விசாரணையும் நடந்தது. இதே கேள்வியை 2015 டிசெம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டபோது சென்னை மக்களும் கேட்டார்கள்.

யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. நாங்கள் கவனிக்க வேண்டியது வேறு. இரணைமடுவுக்கு வரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்குகிறது. இங்கே பெய்யும் மழை அங்கே வெள்ளமாகப் போய்ச் சேருகிறது. மேலே சிறு குளங்கள் தூர்ந்துபோனால், காடு வெளியானால், அதே மழை முன்னரைவிட விரைவாகக் கீழே இறங்கும். கதவருகில் நிற்கும் உத்தியோகத்தருக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கும். அதனால் ஓமந்தைப் பக்கம் ஒரு சிறு குளத்தைக் காப்பாற்றுவது கிளிநொச்சிக்காரருக்குச் செய்யும் உதவியும்தான். மாவட்ட எல்லை கச்சேரிக்குத்தான் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது.

"அப்படியென்றால் பெரிய பெரிய கான் கட்டி, மழையை உடனே ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டால் முடிந்ததுதானே?" என்று சிலர் கேட்பார்கள். மதகும் கானும் வேண்டும்தான். ஆனால் 2016ஆம், 2017ஆம் வருடங்களை மறந்துவிட முடியாது. நாற்பது வருடங்களில் மோசமான வரட்சி என்று சொல்லப்பட்ட காலம். கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. டிசெம்பரில் விரட்டிவிட்ட தண்ணீரைத்தான் ஓகஸ்டில் பவுசரில் வரச்சொல்லிக் காத்திருக்கிறோம். 2015இல் மூழ்கிய அதே சென்னை, 2019 கோடையில் குழாயில் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு வரிசையில் நின்றது. வெள்ளமும் வரட்சியும் இரண்டு நோய் போலத் தெரியும். தண்ணீர் தங்கும் இடத்தை ஊர் இழந்ததுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம்.

சீனாவில் இதைக் கொஞ்சம் பிந்தி விளங்கிக்கொண்டார்கள். 2012 ஜூலையில் பெய்ஜிங்கில் ஒரே நாள் மழையில் 79 பேர் இறந்தார்கள். அதன் பிறகு "ஸ்பொஞ் நகரம்" என்ற திட்டத்தை அரசாங்கமே எடுத்தது. நகரத்துக்குள் குளம், சதுப்பு, தண்ணீர் உறிஞ்சும் நடைபாதை, மழைக்காலத்தில் மூழ்க விடும் பூங்கா. இதை வற்புறுத்தி வந்த நிலவமைப்பு அறிஞர் கொங்ஜியான் யூ கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். எங்கள் கமக்காரரிடம் சொன்னால் "இது எங்கட குளந்தானே" என்பார்கள். ஆனால் ஸ்பொஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. 2021 ஜூலையில் செங்சோ நகரில் ஒரு மணித்தியாலத்தில் 200 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது அந்த ஏற்பாடுகளும் தாங்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் குளம் மட்டும் போதாது. எச்சரிக்கையும், ஓடிப்போய்ச் சேர ஒரு மேட்டு இடமும் வேண்டும்.

எங்கள் நாட்டிலேயே கொழும்பு தன் சதுப்பு நிலங்களைக் காப்பாற்றத் தொடங்கியது. 2018இல் உலகின் முதல் 18 ராம்சார் ஈரநில நகரங்களில் ஒன்றாகத் தெரிவானது. கொழும்பில் வெள்ளம் நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. சதுப்பை நிரப்பினால் தங்கள் தலையில்தான் விழும் என்பதை அங்கே திட்டம் போடுகிறவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இப்போது மாநகர சபையாகிவிட்ட எங்கள் நகரமும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வெக்கையையும் சொல்லாமல் விடக்கூடாது. சித்திரை மாதம் சீற் போட்ட வகுப்பறையில் பின்னேரம் நின்று படிப்பித்தவர்களுக்கு அது தெரியும். பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, அவிந்துபோயிருக்கிறார்கள். 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 பொருத்து வீடுகள் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். உருக்குச் சட்டத்தில் பொருத்தும் வீடுகள். இந்த வெயிலுக்கு, இந்த மண்ணுக்கு, இந்தச் சனத்தின் அடுப்புக்கு இது சரிவராது என்று பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் எடுத்துச் சொன்னார்கள். திட்டம் கைவிடப்பட்டது. எந்தக் காலநிலைக்குக் கட்டுகிறோம் என்று கேட்பதற்கு எங்கள் சனத்துக்கு உரிமை இருக்கிறது, கேட்டால் பலனும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஓடு, உயரமான கூரை, எதிரெதிர் யன்னல், முற்றத்தில் ஒரு வேம்பு. இவை பழைய பாணி என்று ஒதுக்குகிற விடயங்கள் இல்லை.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான பகுதி. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறோம்.

குளத்துக் காணியில், வாய்க்கால் கரையில், பள்ளத்தில் குடியிருப்பவர்கள் யார்? பெரும்பாலும் கடைசியாக வந்தவர்கள். 1977லும் 1983லும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். 2009இல் எல்லாம் இழந்து வந்தவர்கள். எங்கள் குடும்பமும் முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போய் வவுனியாவுக்கு வந்த குடும்பம்தான். வந்தபோது மேட்டுக் காணிகளுக்கு ஏற்கனவே சொந்தக்காரர் இருந்தார்கள். கைக்கு எட்டிய விலையில் இருந்தது பள்ளம். பிந்தி வந்தவருக்குப் பள்ளம் என்பதுதான் இந்த ஊரில் எழுதப்படாத காணிச் சட்டம்.

அதனால் "குளத்தை மீட்போம், ஆக்கிரமிப்பை அகற்றுவோம்" என்ற குரல் எழும்போது எங்களுக்குள் இரண்டு மனம். குளம் மீளவேண்டும். மறுபேச்சில்லை. ஆனால் அளவுநாடா எங்கே முதலில் விரிகிறது என்று பார்க்கிறோம். கொட்டில் வீட்டுக்கு முன்னால் விரிந்து, மாடிக் கடைக்கு முன்னால் சுருங்கினால் அது குளத்தைக் காப்பாற்றும் வேலையாக இருக்காது. அது பள்ளத்தில் கிடப்பவரை இன்னொரு பள்ளத்துக்கு அனுப்பும் வேலை. நாங்கள் பார்த்தவரை, அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த வெள்ளத்திலும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வருகிறார்கள். தண்ணீருக்கு அதன் காணியைத் திருப்பிக் கொடுப்பதும், ஏழைக் குடும்பத்துக்கு மேட்டில் ஒரு காணி கொடுப்பதும் ஒரே வேலை. ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் இரண்டும் நிலைக்காது.

ஆகவே எங்கள் உள்ளூராட்சி உறுப்பினர்களிடமும், பிரதேச செயலகத்திடமும், எங்களிடமும் நாங்கள் கேட்பது இவை:

1. நகரத்துக் குளங்கள் ஒவ்வொன்றுக்கும் அலைகரைவரை அளந்து எல்லைக்கல் நடவேண்டும். அளவு எல்லோருக்கும் ஒன்று. பள்ளிவாசல், கோவில், தேவாலயம், விகாரை, அரச கட்டடம், கடை, வீடு எதற்கும் விலக்கு வேண்டாம். எங்கள் பள்ளிவாசல் மதில் குறுக்கே வந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

2. அங்கே இருக்கும் வறிய குடும்பங்களுக்கு, வீடு உடைக்கும் முன்னரே, இதே நகரத்தில், பிள்ளைகள் இதே பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில், உறுதியோடு மேட்டுக் காணி.

3. வயல் நிலத்தை நிரப்ப அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் இரவு டிப்பர்களுக்கும் பொருந்தட்டும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போது "இந்த வளவின் மழைத்தண்ணீர் எங்கே போகும்?" என்ற ஒரு கேள்வியும் இருக்கட்டும்.

4. கூரைத் தண்ணீர். இந்திய வீட்டுத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டை எடுங்கள். வருட மழையை 1,300 மில்லிமீற்றர் என்று குறைத்து வைத்தாலும் அந்தக் கூரையில் 66,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. தமிழ்நாடு 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நாங்கள் பெரிய கூரைகளிலிருந்து தொடங்கலாம். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கோவில் மண்டபம். வுழூச் செய்த தண்ணீரைக் கானில் விடாமல் மரத்துக்கு விடலாம்.

5. குளங்களின் நீர்மட்டமும் வான்கதவு திறக்கும் நேரமும் சாதாரண சனத்துக்கு விளங்கும் தமிழில், ஒலிபெருக்கியிலும் வட்ஸ்அப்பிலும், முன்கூட்டியே வரவேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் மேட்டில் ஒரு நிரந்தரத் தங்குமிடம் வேண்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. காசு தேவை, அதைவிடக் கொஞ்சம் துணிவு தேவை. காணி விடயத்தில் உறவுக்காரர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டிய துணிவு அது.

ஐப்பசி வருவதற்குள் ஒரு சிறு வேலை செய்வோம். அடுத்த மழை விட்டதும் குடையோடு இறங்கி, உங்கள் வளவிலிருந்து ஓடும் தண்ணீருக்குப் பின்னால் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்த வாய்க்கால் மதிலில் முட்டி நிற்கிறது, தண்ணீர் கடைசியில் யாருடைய முற்றத்தில் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். உங்கள் பகுதியில் முன்னர் இருந்து இப்போது இல்லாமல்போன குளத்தின், மோட்டையின் பெயரை மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த மதம் என்று பார்க்க வேண்டாம். பெயர்களைச் சேர்த்து ஒரு படம் வரைந்து, சபைக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.